நாய், பூனை வளர்த்தால் நமக்கு என்ன நன்மை? கால்நடை மருத்துவரின் கேள்வி பதில்

செல்லப்பிராணி வளர்ப்பது உடம்புக்கும் மனதுக்கும் நல்லது என்கிறார்கள். அது எவ்வளவு உண்மை, யாருக்கு உண்மை என்று நம் குழு உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தார்கள். அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

டாக்டர் சார், எனக்கு 67 வயது, திருச்சி. போன வருடம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மனைவி இல்லை, பையன் வெளிநாட்டில். 'ஒரு நாய் வளருங்கப்பா, இதயத்துக்கு நல்லது' என்று அவன் விடாமல் சொல்கிறான். நிஜமாகவே சம்பந்தம் உண்டா?

வணக்கம் ஐயா. சம்பந்தம் உண்டு, ஆனால் அது மாத்திரை வேலை செய்கிற விதமாக இல்லை.

1980-ல் அமெரிக்காவில் எரிக்கா ஃப்ரீட்மனும் அவருடைய சகாக்களும், இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். வீட்டில் ஏதாவது ஒரு பிராணி இருந்த 53 பேரில் 3 பேர் இறந்திருந்தார்கள். எதுவும் வளர்க்காத 39 பேரில் 11 பேர். சின்ன ஆய்வுதான், ஆனால் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது அது. பிறகு 2017-ல் ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 34 லட்சம் பேரின் 12 வருடப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். தனியாக வாழ்பவர்களில், நாய் வளர்ப்பவர்களின் மரண அபாயம் மற்றவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. குடும்பத்தோடு இருப்பவர்களிடம் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் ஒன்று. நன்றாக நடமாடக் கூடியவர்கள்தானே நாய் வாங்குகிறார்கள்? அந்த ஆரோக்கியம் நாயால் வந்ததா, முன்பே இருந்ததா என்பதை இந்த மாதிரி ஆய்வுகளால் முழுதாகப் பிரிக்க முடியாது. அதனால்தான் அமெரிக்க இதயச் சங்கம் 2013-ல், நாய் வளர்ப்பது இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரே காரணத்துக்காக வாங்காதீர்கள் என்றும் சேர்த்தது.

இத்தனை காலம் பார்த்ததில் என் முடிவு இதுதான்: பலன் நாயிடமிருந்து வருவதைவிட நாய்க்காக நாம் செய்வதிலிருந்துதான் அதிகம் வருகிறது. காலையில் உங்களுக்கு எழ மனமில்லாவிட்டாலும் அது கட்டிலருகே வந்து நிற்கும். மூக்கால் கையைத் தள்ளும். நீங்கள் செருப்பை மாட்டித்தான் ஆக வேண்டும். தெருமுனைக்குப் போனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை 'தாத்தா, இது கடிக்குமா?' என்று கேட்கும். அதன் அம்மாவும் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். தனியாக இருப்பவருக்கு இந்த நடையும் பேச்சும் பெரிய விஷயம். நாயை வாங்கிக் கொடுத்துவிட்டு அதை நடத்திப் போக ஆள் வைத்தால் பாதிப் பலன் அந்த ஆளுக்குப் போய்விடும்.

உங்களுக்குக் குட்டி வேண்டாம் ஐயா. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள். குட்டியின் பால்பல் ஊசி மாதிரி இருக்கும், விளையாட்டில் கீறினாலும் ரத்தம் நிற்க நேரமாகும். இழுத்துத் தள்ளும் பெரிய ஜாதியும் ஆகாது, விழுந்தால் இடுப்பெலும்பு போகும். மூன்று நான்கு வயதான, சாதுவான, 10 கிலோவுக்கு மேல் போகாத நாயாகப் பாருங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரை அதற்கு நன்றாகப் பழக்கி வையுங்கள். நீங்கள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால் யார் சோறு வைப்பார்கள் என்பதற்குப் பதில் தெரிந்த பிறகு வாங்குங்கள்.

அதற்குப் பூனை போதாதா? நடக்கக் கூட்டிப் போகிற வேலை இல்லையே.

மடியில் கனமாக ஒரு உயிர் படுத்திருக்கும் சுகத்துக்குப் பூனையை மிஞ்ச ஆளில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் பூனையைத்தான் சொல்வேன். நடை மட்டும் கிடைக்காது, அதை நீங்களாகத்தான் நடக்க வேண்டும்.

கோவையிலிருந்து கேட்கிறேன். என் மகளுக்கு 7 வயது, நாய்க்குட்டி வேண்டுமென்று அழுகிறாள். என் கணவருக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. 'நாய் முடி நுரையீரலில் போய் ஒட்டிக்கொள்ளும்' என்று மாமியார் பயப்படுகிறார்.

முடி நுரையீரலில் போய் ஒட்டாது அம்மா. அலர்ஜி வருவது பிராணியின் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் பொடியிலும் உள்ள புரதத்தால். முடி அதைச் சுமந்து வீடு முழுக்கப் பரப்புகிறது, அவ்வளவுதான். அதனால் மொட்டை அடித்தாலும் அலர்ஜி போகாது.

பிறந்த முதல் வருடத்தில் வீட்டில் நாய் இருந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா சற்றுக் குறைவு என்று 2015-ல் ஸ்வீடனில் வந்த பெரிய ஆய்வு ஒன்று சொன்னது. அது கைக்குழந்தைப் பருவத்தைப் பற்றியது. உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். எனவே நேரடியாகச் சோதித்துப் பாருங்கள். நாய் உள்ள உறவினர் வீட்டுக்கு மகளையும் கணவரையும் நாலைந்து முறை அழைத்துப் போய் நன்றாக விளையாட விடுங்கள். மூக்கு ஒழுகல், கண் அரிப்பு, இரவில் இருமல் எதுவும் வராவிட்டால் தைரியமாக வளர்க்கலாம். வந்தால் குழந்தைகள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். வாங்கிய பிறகு கொண்டு போய் விடுவது குட்டிக்கும் கொடுமை, குழந்தைக்கும் கொடுமை.

இன்னொன்று. 'நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒப்பந்தம் போடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்புவது அவள் வேலை என்று ஒன்றை மட்டும் கொடுங்கள், மற்றதெல்லாம் பெரியவர்கள் பொறுப்பு. அந்த ஒரு வேலையை அவள் நாள் தவறாமல் செய்வதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் நாயைத் தொடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

நான் மூன்று மாதக் கர்ப்பம். வீட்டுப் பூனையைக் கொண்டு போய் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

விட வேண்டியதில்லை. பயத்துக்குக் காரணம், வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி. அது பூனையின் மலத்தில் வருகிறது. வெளியேறிய உடனே அது தொற்றாது, தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். ஆகவே மலத்தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், அதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், வெளியே வேட்டைக்கு விடாதீர்கள். நீங்களும் சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை சாப்பிடாதீர்கள், தோட்ட மண்ணைக் கையுறை போட்டுத் தொடுங்கள். இந்தக் கிருமி பலருக்கு வருவது பூனையைவிட இந்த வழியில்தான். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

சென்னையில் ஃபிளாட், நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். ஹஸ்கி வாங்கலாம் என்றிருக்கிறோம்.

வேண்டாம் தம்பி. சைபீரியக் குளிரில் பனிவண்டி இழுப்பதற்காக வளர்த்த ஜாதி அது. இரட்டை அடுக்கு ரோமம். சென்னை மே மாதத்தில் அதை ஏசி அறையில் அடைத்து வைக்க வேண்டி வரும். கரண்ட் போனால் வெப்பத்தாக்கு வந்துவிடும். நாக்கு கருஞ்சிவப்பாகி, நிற்க முடியாமல் தூக்கி வரப்பட்ட நாய்களைக் கோடைதோறும் மேஜையில் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றையும் காப்பாற்ற முடிந்ததில்லை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நம் மண்ணின் அருமையான ஜாதிகள். ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலைகூட வெளியிட்டார்கள். ஆனால் ஓட இடம் வேண்டிய வேட்டை நாய்கள் அவை, இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வாடிப்போகும். நீங்கள் இருவரும் பத்து மணி நேரம் வெளியே இருப்பீர்கள் என்றால் எந்தக் குட்டியும் சரிப்படாது. இரண்டு பூனைகளை ஒன்றாகத் தத்தெடுங்கள், ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும்.

எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கம் நாய் வைத்திருப்பவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டது.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலில், குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிக்குத் தடை போடக்கூடாது, லிஃப்டையும் மறுக்கக்கூடாது என்று இருக்கிறது. அதை எடுத்துக் காட்டுங்கள். கூடவே மாநகராட்சி லைசென்ஸ், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இரண்டையும் கையில் வையுங்கள். நாயைச் சங்கிலி இல்லாமல் வெளியே கொண்டு வராதீர்கள், போகிற வழியில் அசுத்தம் செய்தால் நீங்களே எடுங்கள். நாய்க்குப் பயப்படுகிறவர் லிஃப்டில் இருந்தால் அடுத்ததில் போங்கள். அவர் பயம் நிஜமானது.

மகனுக்குக் கிளி ஆசை. பச்சைக்கிளி வளர்க்கலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். மாடிச் சுவரில் தண்ணீரும் கொஞ்சம் தானியமும் வையுங்கள், அவையே வந்து போகும்.

நான் கல்லூரி மாணவி. சில மாதங்களாக மனச்சோர்வு, மருத்துவரிடம் மாத்திரை எடுக்கிறேன். நாய் வளர்த்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?

விடக்கூடாது அம்மா. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது, நாயும் நானும் அதில் தலையிட முடியாது.

நாய் உதவும் என்பதும் உண்மை. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015-ல், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. நாயின் பார்வை மனதைத் தொடுகிறது என்பதற்கு உடம்பிலேயே ஆதாரம் இருக்கிறது.

ஆனால் எழுந்து குளிக்கவே தெம்பில்லாத நாட்களில் ஒரு குட்டியின் பசி உங்களுக்குக் குற்ற உணர்ச்சியைத்தான் சேர்க்கும். வீட்டில் அம்மாவோ தம்பியோ பாதிப் பொறுப்பை எடுத்துக்கொள்வதாக இருந்தால் சரி. இல்லையென்றால் இப்போதைக்கு ஊரில் உள்ள ஏதாவது பிராணிகள் காப்பகத்துக்கு வாரம் ஒருமுறை போய் நாய்களோடு இருந்துவிட்டு வாருங்கள். உடம்பும் மனதும் தேறிய பிறகு உங்களுக்கென்று ஒன்று வரட்டும்.

மேன்ஷனில் ஒற்றை அறை. மீன் வளர்த்தால் பலன் உண்டா?

உண்டு. வேலை முடிந்து வந்து பத்து நிமிடம் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்தால் மூச்சு நிதானமாவது உங்களுக்கே தெரியும். சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் தெருத்தெருவாக மீன் கடைகள். கண்ணைக் கவர்ந்ததையெல்லாம் அன்றே வாங்கி வந்து புதுத் தொட்டியில் விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் வளர நாலைந்து வாரம் பிடிக்கும். அதற்கு முன் நிறைய மீன் விட்டால் ஒவ்வொன்றாகச் சாகும். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை நீக்கிவிட்டு ஊற்றுங்கள். வாராவாரம் கால்வாசி மாற்றினால் போதும், முழுத் தண்ணீரையும் கொட்டாதீர்கள்.

நெல்லைப் பக்கம் கிராமம், தினக்கூலி. ஒரு தெருக்குட்டி வாசலிலேயே கிடக்கிறது, பிள்ளைகள் விட மாட்டேன் என்கிறார்கள். எங்களால் செலவு தாங்குமா அண்ணே?

தாங்கும் தம்பி. இந்தக் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாட்டுக்குட்டி நம் வெயிலுக்கும் நம் சாப்பாட்டுக்கும் பழகிய இனம். ராத்திரி ஆள் நடமாட்டத்தை உங்களுக்கு முன்னால் அது உணரும். பாம்பு வாசலேறினால் அது குரைக்கிற தொனியே வேறு, பழகினால் படுத்தபடியே கண்டுபிடிப்பீர்கள்.

குழைந்த சோறு, அவித்த முட்டை, கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக் கழிவுகளை எலும்பு நீக்கி நன்றாக வேகவைத்தது, இவை போதும். மிச்சச் சாம்பாரைப் பிசைந்து போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்துத் திராட்சையும் சாக்லேட்டும் விஷம். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பக்கத்து அரசுக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள். ஆறு முதல் எட்டு வாரக் குட்டி என்றால் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு கொடிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்கலாம். அந்த ஊசி அங்கே இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், விட்டுவிடாதீர்கள். பார்வோ வந்து ரத்தமாகப் போகிற குட்டிகளில் பல பிழைப்பதில்லை. மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் ஒன்று, அப்புறம் வருடா வருடம். குடற்புழு மருந்தும் அங்கேயே கேளுங்கள். பெட்டை என்றால் வளர்ந்த பிறகு கருத்தடை செய்துவிடுங்கள்.

அதே குட்டி நேற்று மகன் கையில் பல்லால் கீறிவிட்டது. லேசாகத்தான் இருக்கிறது, மஞ்சள் வைத்தோம்.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். மஞ்சளைக் கழுவி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கட்டுப் போடாதீர்கள். நேராக அரசு மருத்துவமனை. ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரத மருந்தும் தேவைப்படும், ரத்தம் வந்ததா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ரேபிஸ் வந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை, வராமல் தடுப்பதற்கு நிச்சயமான வழி இருக்கிறது. குட்டியை விரட்டிவிடாதீர்கள். கட்டி வைத்துச் சோறு போட்டு 10 நாள் கவனியுங்கள். அதன் போக்கு மாறினாலோ, செத்துப் போனாலோ உடனே மருத்துவமனையில் சொல்ல வேண்டும். முதல் ஊசி போடும்போதே அட்டையில் அடுத்த தேதிகளைக் குறித்துக் கொடுப்பார்கள், அதில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.