மகளுக்கு 8,000 டாலர் விளம்பர வாய்ப்பு: வாங்கலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் உதவித்தொகையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எஃப்-1 மாணவர் விசா. விளையாட்டு உடை நிறுவனம் ஒன்று, இன்ஸ்டாகிராமில் ஆறு வீடியோ போட்டால் 8,000 டாலர் தருவதாகச் சொல்கிறது. ஒரு முகவர், “15,000 டாலர் இப்போதே தருகிறேன்; தொழில்முறை ஆட்டக்காரியான பிறகு பத்து ஆண்டுகளுக்குப் பரிசுத் தொகையில் பத்து சதவீதம் கொடுத்தால் போதும்” என்கிறார். உடன் ஆடும் அமெரிக்கப் பெண்கள் விளம்பரப் பணம் வாங்குகிறார்களாம். அவளை அனுப்ப வீட்டை அடமானம் வைத்திருக்கிறோம். சம்மதிக்கலாமா? – ஒரு தாய், கோயம்புத்தூர்.

பதில்: அம்மா, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருந்துகொண்டு அந்த ஆறு வீடியோக்களில் ஒன்றைக்கூட அவள் எடுக்க வேண்டாம். முகவரின் பணத்தை எங்கே இருந்தாலும் தொட வேண்டாம். ஆனால் 8,000 டாலரை முழுதாக விட்டுவிடத் தேவையில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது.

தோழிகள் வாங்குவது நேர்மையான பணம்தான். பல்லாண்டுப் போராட்டத்தில் கிடைத்த உரிமை அது. கல்லூரி வீரர்களை வைத்துத் தொலைக்காட்சி உரிமத்திலும் டிக்கெட்டிலும் கோடிகள் புரண்டபோது, அவர்களுக்குப் படிப்பும் சாப்பாடும் போதும் என்று, அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு சொல்லிவந்தது. வீடியோ கேமில் தன் உருவம் விற்பனையாவதைப் பார்த்த கூடைப்பந்து வீரர் எட் ஓபானன் 2009-ல் வழக்குத் தொடுத்தார். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அது கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றிய வழக்குதான் என்றாலும், அந்த அடியில் அமைப்பு தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், தங்கள் பெயரையும் படத்தையும் புகழையும் வைத்து வீரர்கள் சம்பாதிக்கலாம் என்றானது.

2025 ஜூன் 6 அன்று, என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். பழைய வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு. இப்போதைய வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சுமார் 2.05 கோடி டாலர். இதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. டென்னிஸ் ஆடும் பெண்ணுக்கு வருவது சொற்பம், பல இடங்களில் ஒன்றுமே இல்லை. அதே வெயிலில் அதே நேரம் பயிற்சி செய்யும் பெண்களுக்கு இது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

வெளி நிறுவனங்களின் ஒப்பந்தங்களுக்கும் இப்போது கண்காணிப்பு உண்டு. என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் ஆடும் பல்கலைக்கழகங்களின் வீரர்கள் 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஒப்பந்தங்களை ‘நில் கோ’ (NIL Go) என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். விளம்பரத்துக்கு உண்மையான வணிக நோக்கம் இருக்கிறதா, தொகை நியாயமான வரம்புக்குள் இருக்கிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். அணியின் பணக்கார ஆதரவாளர்கள் விளம்பரம் என்ற பெயரில் சம்பளம் தருவதைத் தடுக்கவே இது என்பது பல்கலைக்கழகங்களின் வாதம். சந்தை கொடுக்கும் விலையை மற்றவர் குறைப்பானேன் என்பது வீரர்களின் வாதம். பதிவு செய்யும் விதியை நான் வரவேற்கிறேன். பத்தொன்பது வயதுப் பெண்ணின் ஒப்பந்தம் யார் கண்ணிலாவது படுவது நல்லது. ஆனால் கூலி கொடுப்பவர்களே கூடிக் கூலிக்கு உச்சவரம்பு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனை மாற்றத்திலும் விசா விதி மட்டும் அசையவில்லை. எஃப்-1 மாணவர் அனுமதியின்றிச் செய்யக்கூடிய வேலை மிகக் குறைவு. வளாகத்துக்குள், பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான். விளம்பரத்துக்கு நடிப்பதும், அதைப் பதிவிடுவதும் வேலையாகக் கொள்ளப்படலாம். பணத்துக்குப் பதில் இலவசமாகக் காலணி வாங்கினாலும் அது ஊதியம்தான். மீறினால் போவது 8,000 டாலர் மட்டுமா? மாணவர் தகுதி, உதவித்தொகை, பட்டம், அடுத்த விசா எல்லாமே ஆட்டம் காணும். வீட்டை அடமானம் வைத்து வாங்கிக் கொடுத்தது அந்த விசாவைத்தானே அம்மா!

வழி இதுதான். காங்கோ நாட்டிலிருந்து வந்து கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடிய ஆஸ்கர் ஷீப்வே, 2022-ல் அணி பஹாமாஸ் சென்றபோது அங்கே வைத்துத் தன் விளம்பர வேலைகளை முடித்தார். உங்கள் மகளும் கோடை விடுமுறையில் கோவைக்கு வரும்போது ஆறையும் இங்கேயே எடுத்து, இங்கிருந்தே பதிவிடலாம். வேலை முழுவதும் இந்தியாவில் நடக்கிறது என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமும், குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடமும் எழுத்தில் கருத்து வாங்குங்கள். வழக்கறிஞர் கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். பல்கலைக்கழக அணிக்கு வேறு உடை நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்தால் இதனுடன் மோதும். அதைப் பயிற்சியாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். படத்தை ‘நிரந்தரமாக’ பயன்படுத்தும் உரிமை என்ற வரி இருந்தால், ஓராண்டு என்று மாற்றச் சொல்லுங்கள்.

வரி எளிது. இந்தியாவில் செய்த வேலைக்கான வருமானம் இங்கே வரிக்கு உட்பட்டது. டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 7,20,000 ரூபாய். புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 3,20,000-க்கு 5 சதவீதம், கூடுதல் தீர்வையுடன் 16,640 ரூபாய். 12 லட்சம் வரை வரியே இல்லை என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்போருக்கு மட்டும். வெளிநாட்டில் படிக்கும் அவளுக்குக் கிடைக்காது. வரி 10,000 ரூபாயைத் தாண்டுவதால் அதை முன்கூட்டிய வரியாகத் தவணைகளில் கட்ட வேண்டும். அவள் பெயரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிப்போர் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்றி அதில் பணத்தை வாங்குங்கள். வரி போக மிஞ்சுவதை அப்படியே அடமானக் கடனின் அசலில் கட்டிவிடுங்கள்.

முகவர் விஷயத்துக்கு வருகிறேன். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கெர்வான் டெக்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 2022-ல் ஒரு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கினார். பதிலுக்கு, தொழில்முறை வருமானத்தில் வரிக்கு முன்பே 15 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அந்த ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் போனார். டென்னிஸில் இது இன்னும் கொடியது. பயிற்சியாளர், விமானம், தங்கும் அறை எல்லாம் ஆட்டக்காரியின் கைச்செலவு. ஆண்டுக்கு 60,000 டாலர் பரிசு வாங்குபவர் 70,000 செலவழித்து நட்டத்தில் நிற்கலாம். அப்போதும் முகவருக்கு 6,000 போகும். பத்து ஆண்டுகளில் 15,000 டாலர் கடனுக்கு 60,000 டாலர் கட்டியிருப்பாள். போதாததற்கு, தொழில்முறை வாழ்க்கைக்காக முகவருடன் ஒப்பந்தம் செய்தால் கல்லூரி அணியில் ஆடும் தகுதியே பறிபோகலாம்.

அவருக்கு மறுப்பை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், நகலை அவள் பயிற்சியாளருக்கும் வைத்து. தொலைபேசியில் மட்டும் சொன்னால் அடுத்த வாரம் 20,000 டாலருடன் மறுபடி அழைப்பார்.