டிஎன்ஏவை நகலெடுக்க ஏன் இத்தனை நொதிகள்? பாலிமரேஸ் ஒன்றே போதாதா?

ஹெலிகேஸ், பிரைமேஸ், லிகேஸ் என்று வரிசையாக ஒப்பித்துப் பரீட்சை எழுதிவிட்டு, மறுவாரமே எது எதைச் செய்கிறது என்று குழம்பிப்போவதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பட்டியலாகப் படித்தால் யாருக்கும் மறக்கத்தான் செய்யும். என்னைக் கேட்டால், பாலிமரேஸால் என்னென்ன முடியாது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். மற்ற நொதிகளில் முக்கால்வாசி அதன் குறைகளைச் சமாளிக்க வந்தவைதான்.

அதன் வேலை என்னவோ எளிது. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆன இரண்டு இழைகள். பழைய இழையில் ஏ இருந்தால் டி, ஜி இருந்தால் சி என்று ஜோடி எழுத்தைப் பிடித்துவந்து புது இழையின் நுனியில் ஒட்டும். ஆர்தர் கோர்ன்பெர்க் 1950களில் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து இப்படி ஒரு பாலிமரேஸைப் பிரித்தெடுத்தார், 1959இல் நோபல் பரிசும் வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், அவர் பிடித்தது முக்கிய ஆளையே அல்ல. அந்த நொதி கிட்டத்தட்ட வேலை செய்யாத ஈ.கோலை வகை ஒன்று ஜம்மென்று வளர்வதை 1969இல் ஜான் கெய்ர்ன்ஸும் அவரோடு இருந்தவரும் காட்டினார்கள். அப்புறம்தான் பாலிமரேஸ் 3 வெளியே வந்தது. நொடிக்கு ஏறக்குறைய 1000 எழுத்து ஒட்டுவது அதுதான்.

சரி, குறைகளுக்கு வருவோம். இரண்டு இழைகளும் பின்னிக் கிடக்கும்போது அதனால் உள்ளே நுழைய முடியாது, யாராவது பிரித்துக் கொடுக்க வேண்டும். ஹெலிகேஸ் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துக்கொண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுத்தபடியே முன்னே போகிறது, பிரிந்த இழைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் சில புரதங்கள் அவற்றின் மேல் அமர்ந்துகொள்கின்றன. ஆனால் முறுக்கிய கயிற்றின் நடுவில் இரண்டு புரிகளையும் பிடித்துப் பிரித்துப் பாருங்கள், முறுக்கு எங்கேயும் போகாது, பிரிக்காத பக்கம் போய்ச் சேர்ந்து இறுகும். டிஎன்ஏவில் சுமார் 10 ஜோடிக்கு ஒரு சுற்று. நொடிக்கு 1000 ஜோடி பிரிந்தால், நொடிக்கு 100 சுற்று முறுக்கு முன்னால் ஏறிக்கொண்டே இருக்கும்! டோபோஐசோமரேஸ் என்ற நொதி இழையை வெட்டி, முறுக்கை விடுவித்து, வெட்டிய இடத்தைத் தானே ஒட்டியும் விடுகிறது. பாக்டீரியாவில் இந்த வேலையைச் செய்யும் கைரேஸ் என்ற டோபோஐசோமரேஸைத்தான் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை குறிவைக்கிறது. வெட்டியதை ஒட்ட விடாமல் தடுத்தாலே பாக்டீரியா செத்துப்போகும்.

அடுத்தது, பாலிமரேஸால் வெறும் இழையில் முதல் எழுத்தை வைத்துத் தொடங்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் நுனியை நீட்ட மட்டுமே தெரியும். அதனால் பிரைமேஸ் வந்து சுமார் 10 எழுத்து நீளத்துக்கு ஒரு ஆர்என்ஏ (டிஎன்ஏவின் நெருங்கிய உறவு) துண்டைப் போட்டுக் கொடுக்கிறது. ஏன் ஆர்என்ஏ? தொடக்கத்தில் பிழை அதிகம் வரும்; ஆர்என்ஏவாக இருந்தால் 'இது தற்காலிகம், பிறகு எடுத்துவிடு' என்று அடையாளம் தெரியும் என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம்.

இனி வருவதுதான் எல்லாரையும் குழப்பும் இடம், எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். ஒவ்வொரு இழைக்கும் 5', 3' என்று பெயரிட்ட இரண்டு முனைகள் உண்டு; பாலிமரேஸ் புது இழையை 3' முனையில் மட்டுமே நீட்டும். இரண்டு பழைய இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஒரு பக்கம் ஹெலிகேஸின் பின்னாலேயே நிற்காமல் போகலாம், மறு பக்கம் கொஞ்சம் திறந்ததும் பின்னோக்கி ஒரு துண்டு, இன்னும் கொஞ்சம் திறந்ததும் இன்னொரு துண்டு என்று விட்டுவிட்டுத்தான் செய்ய முடியும். 1960களில் ரெய்ஜி ஒகசாகி, சுனெகோ ஒகசாகி தம்பதி கண்டுபிடித்த துண்டுகள் இவை. பாக்டீரியாவில் ஒவ்வொன்றும் 1000 முதல் 2000 எழுத்து, நம் செல்களில் 100 முதல் 200 தான்.

இவ்வளவு தொல்லைக்கு இரண்டு திசையிலும் ஓடும் ஒரு பாலிமரேஸ் இருந்திருக்கக் கூடாதா? புதிதாக வரும் ஒவ்வொரு எழுத்தும் தன்னுடன் மூன்று பாஸ்பேட்டுகளைக் கொண்டுவருகிறது, அதில் இரண்டு உடைந்து விழும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் பிணைப்பு உருவாகிறது. தவறான எழுத்து ஒட்டிவிட்டால் ஜோடி சரியாகப் பொருந்தாது, நுனி கொஞ்சம் தூக்கிக்கொண்டு நொதியின் இன்னொரு பகுதிக்கு நழுவும், அங்கே அந்த எழுத்து வெட்டப்பட்டு நுனி பழைய இடத்துக்குத் திரும்பும். அடுத்து வரும் எழுத்திடம் அதற்குரிய ஆற்றல் இருப்பதால் வேலை தடைபடாது. எதிர்த் திசையில் வளர்ந்தால் அந்த மூன்று பாஸ்பேட்டும் வளரும் நுனியில் இருக்கும். பிழையை வெட்டினால் அவையும் போய்விடும், இழை அங்கேயே நின்றுவிடும். திருத்தும் வசதிக்காகக் கொடுக்கும் விலைதான் இந்தத் துண்டு துண்டான வேலை. லட்சத்துக்கு ஒன்றாக வரும் பிழை இந்தத் திருத்தத்தால் கோடிக்கு ஒன்றாகவும், பின்னால் வரும் பழுதுபார்க்கும் புரதங்களால் நூறு கோடிக்கு ஒன்று அளவுக்கும் குறைகிறது. மனித செல் ஒவ்வொரு முறையும் 600 கோடிக்கு மேற்பட்ட ஜோடிகளை நகலெடுக்க வேண்டும் என்பதை நினைத்தால் இது ஆடம்பரமே இல்லை.

மிச்சம் துப்புரவு வேலைதான். பாக்டீரியாவில் ஆர்என்ஏ துண்டுகளை எடுத்துவிட்டு இடைவெளியை நிரப்புவது கோர்ன்பெர்க் கண்டுபிடித்த அதே பாலிமரேஸ் 1, கடைசியாக மிஞ்சும் விரிசலை லிகேஸ் ஒட்டும். நம் செல்களில் ஆட்கள் வேறு, கதை ஏறக்குறைய அதே.

ஒரு இடத்தில் மட்டும் இந்த ஏற்பாடு கைவிட்டுவிடும்: குரோமோசோமின் முனை. அங்கே கடைசி ஆர்என்ஏவை எடுத்துவிட்டால், அந்த இடத்தை நிரப்பப் பாலிமரேஸ் பிடித்து நீட்டுவதற்கு ஒரு நுனி இல்லை, ஆகவே ஒவ்வொரு பிரிதலிலும் முனை கொஞ்சம் குட்டையாகிறது. இனப்பெருக்க செல்கள், ஸ்டெம் செல்கள் போன்றவற்றில் டெலோமரேஸ் என்ற நொதி தன்னுள்ளேயே ஒரு ஆர்என்ஏ அச்சை வைத்துக்கொண்டு அந்த முனையை நீட்டுகிறது. பெரும்பாலான புற்றுநோய் செல்களும் இதையே மறுபடி கிளப்பிவிட்டுக்கொள்கின்றன. ஈ.கோலைக்கு இந்தத் தலைவலியே கிடையாது, அதன் டிஎன்ஏ வட்டமானது.