ஐஸ் ஹொக்கிப் புள்ளிப் பட்டியலை வாசிப்பது எப்படி?

கேள்வி: சுவிஸில் வாழும் அக்காவின் மகன் சொல்லித்தான் ஆண்களுக்கான உலக ஐஸ் ஹொக்கி சம்பியன்ஷிப்பைப் பார்க்கத் தொடங்கினேன். ஆறு ஆட்டங்களில் வென்ற அணி, ஐந்தில் மட்டும் வென்ற அணிக்குக் கீழே நிற்பது எப்படி? இங்கிருந்து எந்த நேரத்தில் பார்ப்பது?
- வாசகி, கல்லடி

பதில்: பட்டியலில் பிழை இருக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்த்துப் பழகிய நமக்கு, வென்றால் 3 புள்ளி, சமநிலை என்றால் தலா 1 புள்ளி என்ற கணக்கே மனத்தில் பதிந்திருக்கிறது. இந்தத் தொடரிலோ சமநிலை என்ற முடிவே கிடையாது. தலா 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளுக்குள் வென்றுவிட்டால் 3 புள்ளிகளும் வென்ற அணிக்கே. 60 நிமிட முடிவில் கோல்கள் சமமாக இருந்தால் இரு அணிகளுக்கும் தலா 1 புள்ளி உறுதியாகிவிடும். அதன்பின் மேலதிக நேரத்திலோ பெனால்டி முறையிலோ வெல்லும் அணிக்கு எஞ்சிய புள்ளி போய்ச் சேரும்.

ஓர் அணி ஏழு ஆட்டங்களில் ஐந்தை 60 நிமிடங்களுக்குள் வென்று, இரண்டை 60 நிமிடங்களுக்குள் தோற்றால் அதற்கு 15 புள்ளிகள். இன்னோர் அணி ஆறில் வென்றும் அவற்றில் நான்கை மேலதிக நேரத்தில்தான் வென்றிருந்து, மற்றையதை 60 நிமிடங்களுக்குள் தோற்றிருந்தால், 6 உடன் 8 சேர்ந்து 14 புள்ளிகளே. ஒரு மணி நேரம் ஈடுகொடுத்து நின்ற அணியை வெறுங்கையோடு அனுப்பாத இந்த முறை நியாயமானது என்பதே என் கருத்து. இரண்டு அணிகள் புள்ளிகளில் சமமானால், கோல் வித்தியாசத்துக்கு முன்னர், அவ்விரண்டும் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவே பார்க்கப்படும்.

மொத்தம் 16 அணிகள், எட்டெட்டாக இரு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகள் காலிறுதிக்குச் செல்லும்; கடைசி இடத்தில் முடிக்கும் அணி அடுத்த ஆண்டு கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் என்பதால், அடிமட்ட அணிகளின் இறுதி நாள் ஆட்டங்களையும் தவறவிடாதீர்கள். காலிறுதியிலிருந்து புள்ளிக் கணக்கு இல்லை. இறுதியாட்டத்தில் பெனால்டி முறையும் இல்லை. ஒரு கோல் விழும்வரை ஆடுவார்கள். 2025இல் ஸ்டொக்ஹோமில் அமெரிக்கா சுவிஸை மேலதிக நேரத்தில் 1-0 என வென்றது அப்படித்தான். 2024 இறுதியிலும் சுவிஸ் தோற்றிருந்ததால், அக்காவின் மகனிடம் இதைப் பற்றிக் கொஞ்சம் பக்குவமாகப் பேசுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, மே மாதத்தில் சுவிஸ் நேரத்துடன் மூன்றரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே மாலை 4.20க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு 7.50க்கு, இரவு 8.20 ஆட்டம் இங்கே 11.50க்கு. விசில் ஊதும்போதெல்லாம் கடிகாரம் நிறுத்தப்படும், இரண்டு இடைவேளைகளும் உண்டு. ஆதலால் பிந்திய ஆட்டம் முடிய அதிகாலை இரண்டு மணி தாண்டிவிடும். மறுநாள் வேலை இருந்தால் முந்திய ஆட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள்.