எதிர்சேவை இரவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

மதுரைச் சித்திரைத் திருவிழா பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நாங்கள் கல்லூரித் தோழிகள் நான்கு பேர். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். போன வருஷம் சென்னையில் ஒன்று சேர்ந்து இரவு வெளியே போனோம். டேபிள் புக் செய்து சாப்பிட்டோம், போட்டோ எடுத்தோம், பதினொரு மணிக்கு வண்டி பிடித்து வீடு திரும்பினோம். அந்த இரவில் என்ன பேசினோம் என்று இன்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இந்த முறை மதுரைக்கு வரலாமா? விடிய விடிய நாலு பெண்கள் தெருவில் இருக்க முடியுமா? எங்களில் இருவருக்குப் பக்தி கிடையாது. ஒருத்திக்கு ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

தாராளமாக வாருங்கள். ஆனால் எல்லோரும் சொல்வதுபோல அழகர் வைகை ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வராதீர்கள். அதற்கு முந்தைய இரவுக்கு வாருங்கள்.

அழகர்கோவில் பெருமாளான கள்ளழகர், அங்கே காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, கள்ளர் வேடத்தில் பல்லக்கில் புறப்படுவார். மதுரைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். மறுநாள் காலை நகரின் வடக்கு எல்லையான மூன்றுமாவடியில் ஊரே திரண்டு அவரை எதிர்கொண்டு அழைக்கும். அதுதான் எதிர்சேவை. பிறகு புதூர் வழியாக, சாமி தங்கிப் போகும் மண்டகப்படி ஒவ்வொன்றிலும் நின்று நின்று, தல்லாகுளம் பெருமாள் கோவிலுக்கு வந்து சேர இரவாகிவிடும். அங்கே திருமஞ்சனம் நடக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையைச் சாத்துவார்கள், அப்புறம் தங்கக் குதிரையில் ஏறுவார். மீண்டும் வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும்.

நான் உங்களை வரச் சொல்வது இந்த இடைவெளிக்காகத்தான். அழகர் உள்ளே போனதிலிருந்து குதிரையில் வெளியே வரும்வரை லட்சக்கணக்கான பேருக்கு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தல்லாகுளத்தை ஒட்டிய தமுக்கம் மைதானத்தைச் சுற்றி, கோரிப்பாளையம்வரை, சாலையே வீட்டுத் திண்ணை மாதிரி ஆகிவிடும். பாயை விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். தோல் பையில் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடன்காரர்கள், சல்லடம் என்கிற அரைக்கால் உடை கட்டிய சின்னப் பையன்கள், தீப்பந்தம்போலத் திரி எடுப்பவர்கள் எல்லோரும் களைத்துப்போய் நடைபாதையில் சாய்ந்திருப்பார்கள். நீர்மோரும் பானகமும் புளியோதரையும் கேட்காமலே கைக்கு வரும். சென்னையில் உங்களுக்குக் கிடைக்காதது இந்த வேலையற்ற நேரம் என்றுதான் நினைக்கிறேன். உணவகத்தில் அடுத்த ஆள் காத்திருப்பார், பில் வரும், வண்டி வரும். நண்பர்கள் மனம்விட்டுப் பேசுவதற்கு, பேச ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருக்கவும் வேண்டும்.

நாங்களும் தோழிகளாகத்தான் போவோம். ஒரு வருஷம் என் தோழி ஒருத்திக்கு ஒரு மணிக்கெல்லாம் கண் சொருகிவிட்டது. பக்கத்தில் சிவகங்கைப் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி பாய் விரித்திருந்தார்.

"எங்கிட்டு இருந்தும்மா வர்றீக?"

"இங்கதான் பாட்டி, நரிமேடு."

"நரிமேடா? இந்தா எட்டிப் பிடிக்கிற தூரம். வீட்ல போயிப் படுக்கலாம்ல?"

"இன்னைக்கு யாரு பாட்டி வீட்ல படுப்பா?"

பாட்டி சிரித்துக்கொண்டே பேரனை இடுப்போடு இழுத்துப் போட்டு, பாயில் பாதியை விட்டுக்கொடுத்தார். அவள் தூங்கினாள். மற்றவர்கள், பகலில் ஒருநாளும் பேசியிராத விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தி தன் வேலையை விடப்போவதாக முதன்முதலாகச் சொன்னது அங்கேதான்.

மூன்று மணி இருக்கும், கூட்டம் சட்டென்று எழுந்தது. பாட்டி மஞ்சள் பையிலிருந்து சொம்பை எடுத்தார். உள்ளே நாட்டுச்சர்க்கரை, வாய்க்கு வாழை இலை, மேலே சூடம். குதிரை கண்ணில் பட்டதும் பற்றவைத்தார். காற்றில் அணையாமலிருக்க, பாதித் தூக்கத்தில் எழுந்த என் தோழி இரண்டு கைகளையும் குவித்து மறைத்துக்கொண்டு நின்றாள். இலை ஓரம் கருகி, கீழே சர்க்கரை இளகும் வாசனை வந்தது. அவள் சாமி கும்பிடுகிறவள் இல்லை. உங்களில் இருவருக்குப் பக்தி இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அந்தச் சாலையில் யாரும் யாரிடமும் அதைக் கேட்பதில்லை.

பெண்கள் இருக்க முடியுமா என்றால், அந்த இரவில் சாலையில் பாதிப்பேர் பெண்கள்தான். "சாமி பார்க்கப் போறோம்" என்று சொன்னால் எந்த வீட்டிலும் மறுகேள்வி கிடையாது. மற்ற நாட்களில் இதே ஊரில், தூங்கா நகரம் என்று பெயர்பெற்ற ஊரில், இரவு ஒரு மணிக்கு நாலு பெண்கள் புரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் கடையே திரும்பிப் பார்க்கும். அது மாற வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். வருஷத்தில் ஓர் இரவு முடிகிறதென்றால் மற்ற இரவுகளிலும் முடியும்தானே.

ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வராதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் மக்களை அனுமதிக்கவில்லை. 2022-இல் திரும்பத் திறந்தபோது ஆற்றில் நெரிசலில் சிக்கி இருவர் இறந்துபோனார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே கண்டிப்பாக வேண்டாம். குதிரையைத் தல்லாகுளத்திலேயே பார்த்துவிட்டால் முகம் பக்கத்தில் தெரியும்.

மீனாட்சி கோவில் தேரோட்டம் சில வருஷம் எதிர்சேவை அன்று காலையிலும், சில வருஷம் ஓரிரு நாள் முன்னதாகவும் வரும். திருக்கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில் நடந்ததாகவும், திருமலை நாயக்கர் காலத்தில் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு சேர்த்ததாகவும் சொல்வார்கள். தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. இரண்டும் ஒரே நாளில் வந்தால், முதல்நாளே வந்து தேரைப் பார்த்துவிட்டு, மதியம் நன்றாகத் தூங்கி எழுந்து, பொழுது சாய வடக்கே கிளம்பலாம்.

ஒரு முக்கியமான விஷயம், கழிப்பறை. பெண்களை இரவில் வெளியே தங்கவிடாமல் துரத்துவது பயத்தைவிட இதுதான். ஏற்பாடு செய்திருப்பார்கள், ஆனால் அவ்வளவு கூட்டத்துக்குப் போதாது. தல்லாகுளம், சொக்கிகுளம் பக்கம் தெரிந்தவர் வீடு ஒன்று இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அறை எடுப்பதாக இருந்தால் ஆற்றுக்கு வடகரையில் எடுங்கள். நகையைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். நெரிசலில் போன் எடுக்காது, அதனால் பிரிந்தால் எங்கே சேர்வது என்று முன்னாலேயே பேசி வையுங்கள். காந்தி மியூசிய வாசல் எல்லோரும் வழி சொல்லும் இடம்.

குழந்தையின் கையில் அம்மாவின் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள், தண்ணீர் பீய்ச்சுவார்கள் என்பதால் அழியாத மையாக இருக்கட்டும். திருச்சி பஸ் மாட்டுத்தாவணியில் நிற்கும், அங்கிருந்து தல்லாகுளம் பக்கம்தான். சாலையை மறித்திருப்பார்கள், கடைசிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும். அதனால் நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆளுக்கொரு பாயும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
அக்கா