இடக்கையால் எழுதும் பிள்ளை: மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. ஏடு தொடக்கியபோது ஐயர் வலக்கையைப் பிடித்துத்தான் அரிசியில் 'அ' எழுதவைத்தார். வீட்டில் பென்சிலைக் கொடுத்தால் உடனே இடக்கைக்கு மாற்றிவிடுகிறான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்கும் கணவருக்கும் வலக்கைப் பழக்கம். இப்போதே மாற்று என்கிறார் மாமி. மூளையில் ஏதும் கோளாறா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: ஸ்கேன் வேண்டாம். பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். அவர்களிலும் பெரும்பாலானோரின் தாய் தகப்பன் இருவருமே வலக்கைக்காரர்கள்தான். ஆகவே உங்கள் வீட்டில் நடந்தது ஒன்றும் புதினமில்லை.

இதற்கு ஒரேயொரு மரபணுதான் காரணம் என்று முன்பு நினைத்தார்கள். 2020இல் வெளியான ஆய்வொன்று 17 இலட்சத்துக்கும் அதிகமானோரின் தரவை அலசி, இடக்கைப் பழக்கத்தோடு தொடர்புள்ள 41 மரபணு இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் துளியளவே. இரட்டையர் ஆய்வுகளின்படி பரம்பரையின் பங்கு மொத்தமாகவே கால்வாசிதான். மிச்சத்தில் பெரும்பகுதி, கருவில் மூளை உருவாகும்போது தற்செயலாக நேரும் சின்னச் சின்ன வேறுபாடுகள். உருவத்தில் அச்சொட்டாக இருக்கும் இரட்டையரில்கூட ஒருவர் வலக்கை, மற்றவர் இடக்கை என்று அமைவதுண்டு.

இனி மூளை. வலக்கையை இயக்குவது இடது பாதி, இடக்கையை இயக்குவது வலது பாதி. அதை வைத்து, இடக்கைக்காரருக்கு எல்லாமே தலைகீழ் என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. பேச்சுக்கு முதன்மையாக இடது பாதியைப் பயன்படுத்துவோர் வலக்கைக்காரரில் ஏறக்குறைய 95 வீதம். இடக்கைக்காரரிலும் சுமார் 70 வீதம். மற்றவர்களுக்கு அது வலப்பக்கத்திலோ இரு பக்கத்திலுமோ இருக்கும். அதுவும் நோயல்ல. 'இடக்கைப் பிள்ளை கெட்டிக்காரன்' என்ற பேச்சையும் பெரிதாக எடுக்காதீர்கள்!

மாமியிடம் ஒரு சமரசம் பேசலாம். சோறு வலக்கையால் சாப்பிடப் பழகட்டும், சண்டை இல்லாமல் நடந்தால். எழுத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அடித்து மாற்றினால் கொப்பியைக் கண்டாலே ஓடுவான். தமிழ் இடமிருந்து வலமாகப் போவதால் எழுதியதை அவன் கையே மறைக்கும். கொப்பியின் மேற்பக்கத்தை வலப்புறமாகச் சற்றுச் சரித்து வையுங்கள். வகுப்பில் மேசையின் இடது ஓரத்தில் இருத்தும்படி ரீச்சரிடம் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிபடாது.

வைத்தியரிடம் ஓட வேண்டிய சந்தர்ப்பங்கள் வேறு. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றதை மடக்கியே வைத்திருக்கும் குழந்தை. அல்லது வலக்கையால் எல்லாம் செய்துகொண்டிருந்து திடீரென்று இடக்கைக்கு மாறும் பிள்ளை. அங்கே கேள்வி, மற்றக் கையில் பலவீனமா என்பதுதான். உங்கள் மகனின் கதை அதுவல்ல.