சுபமாக முடிந்தால் பொய்யா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தன்பாலீர்ப்பு கொண்ட பதின்வயதினரைப் பற்றிய நாவல்களை என் மகள் விரும்பி வாசிக்கிறாள். அவள் தந்த சிலவற்றை நானும் வாசித்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாமே சுபமாக முடிகின்றன. வாழ்க்கை அப்படி இல்லையே. பிள்ளைகளுக்குப் பொய் நம்பிக்கை கொடுப்பதாகாதா?

எம்.

அன்புள்ள எம்,

இந்த வகை நாவல்கள் தொடங்கியபோது நிலைமை தலைகீழாக இருந்தது. 1969ல் அமெரிக்காவில் ஜான் டோனவன் எழுதியதைத்தான் இந்த வரிசையில் முதல் நாவல் என்பார்கள். அதில் இரண்டு சிறுவர்கள் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அப்புறம் கதைநாயகனின் நாய் காரில் அடிபட்டுச் சாகிறது. தான் செய்ததற்கு இதுதான் தண்டனை என்று அவன் நினைக்கிறான். டோனவன் அவனைப் பரிவோடுதான் எழுதினார். ஆனால் அடுத்து வந்த பல கதைகளிலும் இப்படிக் காதலித்தவர்களுக்கு விபத்தோ மரணமோ காத்திருந்தது. பழைய சினிமாவில் 'வழிதவறிய' பெண் கடைசி ரீலில் செத்துப்போவாளே, அதே கணக்கு. துக்கமாக முடிந்தால் யதார்த்தம், சுபமாக முடிந்தால் பொய் என்று நமக்கும் பழகிவிட்டது.

1982ல் நான்சி கார்டன் 'ஆனி ஆன் மை மைண்ட்' நாவலில் லைசா, ஆனி என்ற இரு பெண்களைக் கடைசியில் சேர்த்துவைத்தார். அது சும்மா கிடைத்த முடிவல்ல. பள்ளி லைசாவை விசாரிக்கிறது. சேர்ந்து வாழும் இரண்டு ஆசிரியைகளுக்கு வேலை போகிறது. லைசாவும் ஆனியும் பிரிகிறார்கள், ஆனியின் கடிதங்களுக்கு லைசா பதிலே போடுவதில்லை. இவ்வளவுக்கும் பிறகுதான் இருவரையும் சேர்த்துவைக்கும் அந்தத் தொலைபேசி அழைப்பு. 1993ல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் எதிர்ப்பாளர்கள் இந்த நாவலை எரித்தார்கள். அருகிலுள்ள ஒலேத்தாவில் பள்ளி நூலகங்களிலிருந்தே எடுத்தார்கள். மாணவர்களும் பெற்றோரும் வழக்குப் போட்டு, 1995ல் திரும்ப வைக்கச் சொல்லித் தீர்ப்பு வாங்கினார்கள்.

எனக்குக் குறை வேறு இடத்தில். இப்போதைய பல நாவல்களில் நாயகனுக்குத் தன் ஈர்ப்பைத் தவிர வேறு கவலையே கிடையாது. வீட்டில் சொல்வதா வேண்டாமா என்றே பக்கம் பக்கமாக நகரும். பிறகு அம்மா ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு அணைத்துக்கொள்வார். முடிவைக்கூட நம்பிவிடுவேன், அந்த அம்மாவை நம்ப முடிவதில்லை.

மலிண்டா லோவின் 'லாஸ்ட் நைட் அட் த டெலிகிராஃப் கிளப்' அப்படியல்ல. 1954, சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுன். அங்கே வளரும் சீன வம்சாவளிப் பெண் லில்லிக்கு ராக்கெட் மேல் ஆசை. கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களை அமெரிக்க அரசு வேட்டையாடும் காலம், அவள் அப்பாவின் குடியுரிமைத் தாள்கள் பறிபோயிருக்கின்றன. இதற்கு நடுவில் ஒரு பெண்மீது காதல் வரும்போது அவள் எதையெல்லாம் இழக்கக்கூடும் என்று நமக்குத் தெரிகிறது. மகளோடு சேர்ந்து வாசியுங்கள். முடிவை நான் சொல்லப்போவதில்லை.