பள்ளி என் மகன் பெயரைப் 'பிரிவென்ட்'டுக்கு அனுப்பிவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: கிழக்கு லண்டனில் இருக்கிறோம், சொந்த ஊர் கீழக்கரை. 13 வயது மகன் வகுப்பில் காசா பற்றிக் கோபமாகப் பேசினானாம். பிரிவென்ட்டுக்குத் தெரிவித்திருக்கிறோம் என்று பள்ளியிலிருந்து போன். போலீஸ் வந்தால் பேசித்தான் ஆக வேண்டுமா? படிப்பு கெடுமா?

பதில்: பதற வேண்டாம் சகோதரி. பிரிவென்ட் என்பது, ஆட்கள் பயங்கரவாதத்தின் பக்கம் போகாமல் முன்கூட்டியே தடுக்க பிரிட்டன் அரசு நடத்தும் திட்டம். இது வழக்கு அல்ல, குற்றப் பதிவும் ஆகாது. பயங்கரவாதத்தின் பக்கம் யாரும் இழுக்கப்படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை 2015-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகள் தலையில் வைத்தது. சொல்லாமல் விட்டு நாளை ஏதாவது நடந்தால் என்ற பயத்திலேயே பல ஆசிரியர்கள் பெயரை அனுப்பிவிடுகிறார்கள். 2024 மார்ச்சோடு முடிந்த ஆண்டில், பள்ளிகள் மட்டுமல்ல, எல்லாத் தரப்பிலிருந்தும் பிரிவென்ட்டுக்குப் போனவை 6,922. 'சேனல்' என்ற அடுத்த கட்டத்துக்கு, அதாவது சம்மதத்தோடு ஆலோசனையும் உதவியும் தரும் கட்டத்துக்கு, எடுக்கப்பட்டவை நூற்றுக்கு ஏழுதான்.

இஸ்லாமியத் தீவிரவாதம் என்று வருவதைவிட வலதுசாரித் தீவிரவாதம் தொடர்பாக வருவதே இப்போது அதிகம் என்பார்கள். அந்த ஆண்டுக் கணக்கு அப்படித்தான். ஆனால் ஆரம்பத்தில் முஸ்லிம்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் உள்ளாட்சிகளுக்கு இத்திட்டத்தின் பணம் போனது. நம் மக்களின் சந்தேகம் சும்மா வந்ததல்ல.

முதற்கட்ட விசாரிப்புக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. சேனலுக்குத் தேவை, மகன் சிறுவன் என்பதால் பெற்றோரின் சம்மதம். வேண்டாம் என்று சொல்வது குற்றமல்ல. பிள்ளைக்கே ஆபத்து என்று கருதினால் மட்டும் சமூக சேவைத் துறை தனியாக வரலாம். வாரண்ட் இல்லாமல் பேச வரும் போலீஸை வாசலிலேயே நிறுத்தி, வக்கீல் இருக்கும்போது பேசுகிறோம் என்று சொல்லலாம்.

என் கவலையெல்லாம் கோப்பு பற்றித்தான். விஷயம் முடிந்த பிறகும் அது போலீஸ் கணினியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பள்ளி மாறினால் பள்ளியின் பாதுகாப்புக் கோப்பும் பின்னாலேயே போகும். 11 வயதில் இப்படிச் சிக்கிய ஒரு சிறுவனின் விவரங்களைப் போலீஸ் வைத்திருந்தது அவனுடைய தனிவாழ்வு உரிமையை மீறியது என்று 2020-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு உங்களுக்கும் உதவும்.

ஆகவே மகன் சரியாக என்ன சொன்னான், யார் கேட்டார்கள், எப்போது அனுப்பினார்கள் என்று பள்ளியின் மாணவர் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். பள்ளிக்கும் போலீஸுக்கும் தனித்தனியே, அவனைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களின் நகல் கேட்டு எழுதுங்கள். பொதுவாகக் கட்டணமில்லை, ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். மகனின் கையெழுத்தையும் சேர்த்துவிட்டால் தாமதமாகாது. தப்பாக இருப்பதைத் திருத்தச் சொல்லுங்கள், விஷயம் முடிந்துவிட்டால் அழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தகவல் ஆணையர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். வக்கீல் பிடிக்கும்போது, பிரிவென்ட் வழக்கு நடத்தியவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.